நாற்பத்தொன்பது நாள் ராஜா

செத்துப்போன ஒரு பொருளை வாங்குவதற்காக யாராவது கால்கடுக்க வரிசையில் நிற்பார்களா?

நின்றார்கள். 2011-ம் வருடம், ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. அமெரிக்காவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளின் வாசலில் எல்லாம் ஜனம். உள்ளே போனவர் ஒன்றுக்கு இரண்டாக அள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் வாங்கிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கும் பேஜார்தான். கூட்டம் தாங்காமல் வெப்சைட்டுகள் திணறின.

அவர்கள் வாங்கத் துடித்த வஸ்துவின் பெயர் டச்பேட். தயாரிப்பு: எச்.பி. என்று நாம் சுருக்கமாக அழைக்கிற ஹியூலெட் பேக்கர்ட்.

விஷயம் என்னவென்றால், அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஆகஸ்ட் 18-ம் தேதி, 'இனிமேல் இதைத் தயாரிக்கப் போவதில்லை' என்று எச்.பி.யே அறிவித்திருந்தது. டச்பேட் கடைக்கு வந்தது ஜூலை 1. கைவிடப்பட்டது ஆகஸ்ட் 18. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மொத்த ஆயுள் 49 நாள்.

அந்த 49 நாளும் சீந்த ஆளில்லாமல் அலமாரியில் தூசு படிந்து கிடந்த சாமான் அது. செத்த இரண்டே நாளில் ராஜ மரியாதை.

காரணம் ரொம்ப எளிது. 500 டாலருக்கு விற்றதை 99 டாலருக்கு இறக்கிவிட்டார்கள். நம் பணத்தில் அன்றைய கணக்குக்கு, 22,000 ரூபாய்ச் சரக்கு 4,500 ரூபாய்க்கு!

அடிமாட்டு விலைக்குத் தள்ளினால் எதுவும்தான் விற்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், ஜாம்பவான்கள் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் சந்தைக்குள் புதிதாக ஒருவன் போய் ஜெயிக்க முடியுமா, முடியாதா? வியாபாரத்தில் இறங்குகிற ஒவ்வொருவரையும் தூங்க விடாத இந்தக் கேள்விக்கான பதில், அந்த 49 நாளிலும் அதற்குப் பிறகு வந்த அந்த ஒரு சனிக்கிழமையிலும்தான் ஒளிந்திருக்கிறது.

*

டேப்லட் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது மாத்திரை. கம்ப்யூட்டர்காரர்களுக்கும் ரொம்ப காலம் அது கசப்பு மாத்திரையாகத்தான் இருந்தது.

ஆனானப்பட்ட பில் கேட்ஸே கையைச் சுட்டுக்கொண்ட விஷயம் இது. 2001-ல் மேடை போட்டு, ஐந்தே வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் இந்த டேப்லட்தான் என்று அடித்துச் சொன்னார். அடுத்த வருடம் 'டேப்லட் பிசி' கடைக்கும் வந்தது. சாதாரண விண்டோஸ். அதைக் கிளிக் செய்ய ஒரு பேனா. கனமோ கனம், விலையோ விலை. ஐந்து வருடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலும் ஆலைகளிலும் சிலர் உபயோகித்தார்கள். மற்றபடி, போணி ஆகவில்லை.

2010-ம் வருடம் ஜனவரி 27-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறினார். ஏப்ரல் 3-ம் தேதி விற்பனை. முதல் நாளே மூன்று லட்சம். 28 நாளில் பத்து லட்சம். அந்த வருடம் முடிவதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கம்ப்யூட்டர் செய்கிறவன், போன் செய்கிறவன் எல்லோரும் ஆளுக்கொரு பலகையோடு கிளம்பினார்கள். மோட்டரோலா 2011 பிப்ரவரியில் 'ஜூம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து 800 டாலர் விலை சொன்னது. ஏப்ரலில் பிளாக்பெர்ரியிலிருந்து 'பிளேபுக்'. இமெயிலுக்குப் பெயர் போன கம்பெனி அது. ஆனால் அவர்களுடைய டேப்லட்டில் சொந்தமாக இமெயில் வசதி கிடையாது! பிளாக்பெர்ரி போனோடு கோத்துக்கொண்டால்தான் உண்டு. இட்லிக் கடையில் போய் உட்கார்ந்தவரிடம், 'இட்லியை நீங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிடுங்கள், சட்னி நாங்கள் தருகிறோம்' என்று சொல்வது மாதிரி. அந்த டிசம்பரில், விற்காமல் தேங்கிய பிளேபுக் கணக்கில் 485 மில்லியன் டாலரை நஷ்டமாக எழுத வேண்டியதாயிற்று.

இந்த வரிசையில் ஜூலையில் வந்து நின்றதுதான் டச்பேட். மற்றவர்களோடு சேர்த்து இதையும் மறந்துவிடலாம். ஆனால் முடியாது. ஏனென்றால், ஐபேடைத் தோற்கடிக்கும் யோக்கியதை உண்மையாகவே இருந்த ஒரே ஆள் இதுதான் என்று நம்பியவர்கள் அன்றைக்கு ஏராளம்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. டச்பேடின் உடம்பு மட்டும்தான் எச்.பி. உயிர், 'பாம்' என்கிற இன்னொரு கம்பெனியினுடையது. அந்தக் கம்பெனி ஏற்கெனவே ஒருமுறை ஆப்பிளை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது.

*

கொஞ்சம் பின்னால் போகலாமா?

1993-ல் ஆப்பிள் 'நியூட்டன்' என்று ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. 700 டாலர். நீங்கள் பேனாவால் எழுதினால் அது உங்கள் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் என்றார்கள். நாம் ஒன்று எழுத, அது இன்னொன்று படித்தது. பத்திரிகை கார்ட்டூன்களில் எல்லாம் கிண்டலடித்துத் தீர்த்தார்கள்.

அதே காலத்தில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்கிற எஞ்சினியர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். சட்டைப் பாக்கெட்டில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்தார். வெறும் கட்டை. போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோவார். யாராவது, 'அடுத்த வாரம் சந்திக்கலாமா?' என்று கேட்டால், பாக்கெட்டிலிருந்து கட்டையை எடுத்து, ஒரு குச்சியால் அதன்மீது தட்டித் தட்டி, தேதி பார்ப்பதாக பாவனை செய்வார். பார்ப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மனிதர் கில்லாடி. ஒரு நாளில் எத்தனை தடவை இதை வெளியே எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்று ஹாக்கின்ஸ் அந்தக் கட்டையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நாள்குறிப்பு. முகவரி. செய்ய வேண்டிய வேலைகள். சின்னச் சின்னக் குறிப்புகள். இந்த நாலு போதும். ஐந்தாவது வேண்டாம். ஒரு பட்டனை அமுக்கினால் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகிவிட வேண்டும். கையெழுத்தைக் கருவி கற்றுக்கொள்ள வேண்டாம். கருவிக்குப் புரிகிற மாதிரி ஒரு எளிய எழுத்து முறையை மனிதன் கற்றுக்கொள்ளட்டும்.

1996-ல் 'பைலட்' வந்தது. விலை 299 டாலர். நியூட்டனால் செய்ய முடிந்ததில் பாதியைக்கூட அது செய்யாது. ஆனால் செய்கிறதை ஒழுங்காகச் செய்தது. ஒன்றரை வருடத்தில் பத்து லட்சம் விற்றது. 1998-ல், ஆப்பிளுக்குத் திரும்பி வந்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் நியூட்டனுக்கு மூடுவிழா நடத்தினார்.

புதியவன் பழையவனை அடிக்க முடியுமா என்றால், முடியும். அதற்கு பாம் கம்பெனியே சாட்சி. பழையவன் வைத்திருப்பதையெல்லாம் நானும் வைத்திருக்கிறேன் என்று அவன் கடை போடவில்லை. பாதி விலை, பாதி வேலை, முழு திருப்தி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேவைப்படும்.

இடையில் கம்பெனி கை மாறிக்கொண்டே இருந்தது. 1995-ல் யு.எஸ். ரோபோடிக்ஸ் வாங்கியது. 1997-ல் அந்த ரோபோடிக்ஸையே த்ரீகாம் வாங்கியது. 2000-ம் வருடம் மார்ச் 2-ம் தேதி பாமின் பங்குகள் சந்தைக்கு வந்தன. அன்று நடந்த கூத்தை, பி.காம். படித்த எனக்கு எத்தனை தரம் நினைத்தாலும் சிரிப்பு தாங்காது. த்ரீகாமிடம் பாமின் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. அதுபோக, சொந்த வியாபாரம் வேறு தனியாக இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் சந்தை போட்ட கணக்குப்படி, பாமின் மதிப்பு சுமார் 53 பில்லியன் டாலர். தாய்க் கம்பெனி த்ரீகாமின் மதிப்பு அதைவிடக் கம்மி! அதாவது, பெட்டியில் இருக்கும் நகைக்கு ஒரு லட்சம், நகையோடு சேர்த்துப் பெட்டியை வாங்கினால் ஐம்பதாயிரம். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள்.

அப்படி உச்சாணிக் கிளையில் இருந்த பாம், 2007-ல் ஐபோன் வந்ததும் தடாலென்று விழுந்தது. அதற்கு ஒரு வருடம் முன்புதான் பாமின் தலைவர் எட் காலிகன், பல வருடம் பாடுபட்டு நாங்கள் கற்றுக்கொண்ட போன் தொழிலில் கம்ப்யூட்டர்காரர்கள் சும்மா உள்ளே நடந்து வந்து ஜெயித்துவிட முடியாது என்கிற அர்த்தத்தில் பேசியிருந்தார். நடந்து வந்தார்கள். ஜெயித்தார்கள். நேற்றைய புதியவன் இன்றைய பழையவனாகிவிட்டால், அவனுக்கும் இதே வசனம்தான் வாயில் வரும்போல.

*

ஆனால் பாம் சும்மா செத்துப்போகவில்லை. ஆப்பிளில் ஐபாட் பிரிவையே தூக்கி நிறுத்திய ஜான் ரூபின்ஸ்டீனை 2007-ல் அழைத்து வந்தார்கள். 2009 ஜனவரியில் 'வெப்ஓ.எஸ்.' என்கிற புத்தம்புது மென்பொருளை உலகத்துக்குக் காட்டினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான சரக்கு. திறந்து வைத்த ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி திரையில் நிற்கும். விரலால் தள்ளினால் அடுத்தது. வேண்டாமா, சீட்டை மேலே சுண்டிவிட்டால் போச்சு. அன்றைக்கு ஐபோனில் ஒரு வேலையை மூடினால்தான் இன்னொன்றைத் திறக்க முடியும். வந்து சேரும் செய்திகளையும் கையில் இருக்கும் வேலையைக் கெடுக்காமல் ஓரமாகக் காட்டியது வெப்ஓ.எஸ்.

ஜூன் 6-ம் தேதி 'ப்ரீ' போன் வெளியானது. இரண்டே வாரத்தில் ஆப்பிள் புதிய ஐபோனை இறக்கியது. பாமிடம் அறிவு இருந்தது, காசு இல்லை. கடைசியில் 2010 ஏப்ரலில் எச்.பி. 1.2 பில்லியன் டாலர் கொடுத்து பாமை வாங்கியது. பத்து வருடத்துக்கு முன் 53 பில்லியன்.

ஜாதகம் பார்த்தால் பத்துக்குப் பத்து பொருத்தம். பாமிடம் மூளை. எச்.பி.யிடம் பணம். அன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி எச்.பி. தான். வருஷ விற்றுமுதல் 126 பில்லியன் டாலர். அதன் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் டாட் பிராட்லி, முன்பு பாமின் தலைவராக இருந்தவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்யாணம் செய்துவைத்தவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. ஜூலையில் பாம் எச்.பி.யோடு இணைந்தது. ஆகஸ்டில் எச்.பி.யின் தலைமை அதிகாரி மார்க் ஹர்ட், கம்பெனியின் நடத்தை விதிகளை மீறிய விவகாரத்தில் ராஜினாமா. நவம்பரில் புதியவர் வந்தார். லியோ அபோதேகர். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. கம்பெனியிலிருந்து வந்தவர். காலம் பூராவும் பெரிய கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றவர். கடையில் போய் ஜனங்களுக்குச் சாமான் விற்பது அவர் பழகிய தொழில் இல்லை.

அபோதேகர் என்றால் ஜெர்மன் மொழியில் மருந்துக்கடைக்காரர் என்று அர்த்தம். டேப்லட்டின் தலையெழுத்து அவர் கைக்குப் போயிற்று.

*

2011 பிப்ரவரி 9-ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் டச்பேடை அறிமுகப்படுத்தினார்கள். ஐபேட் அளவுக்கே திரை, 9.7 அங்குலம். எடை 740 கிராம், தடிமன் 13.7 மில்லிமீட்டர். அன்று சந்தையில் இருந்த ஐபேட் கிட்டத்தட்ட அதே தடிமன். எடை கொஞ்சம் கம்மி. ஏறக்குறைய சரிசமம்.

ஆனால் கையில் சரக்கு ரெடியில்லை. அறிமுகம் பிப்ரவரியில், விற்பனை ஜூலையில். நடுவில், மார்ச் மாதம், ஆப்பிள் ஐபேட்-2ஐ இறக்கிவிட்டது. 601 கிராம். 8.8 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் கேமரா. டச்பேடில் முன்பக்கம் மட்டும்தான் கேமரா. குறி பார்த்துக் கல்லெறிவதற்குள் மாங்காய் வேறு கிளைக்குத் தாவிவிட்டது.

ஜூலை 1-ம் தேதி கடைக்கு வந்தபோது டச்பேடின் விலை 499 டாலர் 99 சென்ட். ஐபேட்-2 எவ்வளவு? 499 டாலர்.

நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். இரண்டும் ஒரே விலை. ஒன்று மெலிசு, மற்றது குண்டு. ஒன்று தொட்டதும் ஓடுகிறது, மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டு ஓடுகிறது. ஒன்றை உங்கள் மைத்துனர் வைத்திருக்கிறார், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். மற்றதை நீங்கள்தான் தெருவிலேயே முதலில் வாங்குகிறீர்கள். எதை வாங்குவீர்கள்?

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. டேப்லட் என்பது தனியாக இருந்தால் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் ஓடுகிற ஆப்கள்தான் அதற்கு உயிர். ஐபேடுக்கென்றே எழுதப்பட்ட ஆப்கள் அப்போது 90,000. டச்பேடுக்கு சுமார் 300. ஆப் எழுதுகிறவரைப் போய்க் கேட்டால், 'உங்கள் மெஷின் நிறைய விற்கட்டும், எழுதுகிறேன்' என்பார். வாங்குகிறவரைக் கேட்டால், 'நிறைய ஆப் வரட்டும், வாங்குகிறேன்' என்பார். கோழியா முட்டையா கதை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பிரச்னை கிடையாது. அவனிடம் பண்ணையே இருக்கிறது.

டி.வி. விளம்பரத்துக்குப் பெரிய நடிகர்கள், குத்துச்சண்டை சாம்பியன் எல்லாம் வந்தார்கள். பயனில்லை. ஆகஸ்ட் 10-ம் தேதி விலையில் 100 டாலர் குறைத்துப் பார்த்தார்கள். அதுவும் பயனில்லை. அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடையான பெஸ்ட் பை எடுத்து வைத்த 2,70,000 டச்பேடுகளில் 25,000 கூட விற்கவில்லை என்று அந்த வாரத்தில் செய்தி வெளியானது. பத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 18. மருந்துக்கடைக்காரர் மூன்று அறிவிப்புகளை ஒரே நாளில் வெளியிட்டார். வெப்ஓ.எஸ். கருவிகளுக்கு முழுக்கு. உலகத்தின் நம்பர் ஒன்னான கம்ப்யூட்டர் வியாபாரத்தையே தனியாகக் கழற்றிவிடுவது பற்றி யோசனை. ஆட்டானமி என்கிற பிரிட்டிஷ் மென்பொருள் கம்பெனியை 10 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாக முடிவு.

மறுநாள் எச்.பி. பங்கு 20 சதவிகிதம் விழுந்தது. செப்டம்பர் 22-ல் அபோதேகரே வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த மெக் விட்மன், கம்ப்யூட்டர் வியாபாரத்தை விற்கும் யோசனையை அடுத்த மாதமே கைவிட்டார். ஆட்டானமி? அடுத்த வருடம் அந்தக் கணக்கில் 8.8 பில்லியன் டாலரை நஷ்டமாக எழுதினார்கள். பாமை வாங்கியதுபோல ஏழு மடங்கு!

இதில் வேதனை என்ன தெரியுமா? அதே வருடம் மார்ச்சில் அதே அபோதேகர்தான், அடுத்த வருடத்திலிருந்து எச்.பி. விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வெப்ஓ.எஸ். இருக்கும் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி ராத்திரி பகலாக ஆப் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுடைய உழைப்புக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஒரு வரி கிடையாது.

*

இப்போது அந்த சனிக்கிழமைக்குத் திரும்புவோம்.

99 டாலருக்கு விற்றபோது யாரும், 'இதில் எத்தனை ஆப் இருக்கிறது?' என்று கேட்கவில்லை. 'தடிமனாக இருக்கிறதே' என்று முகம் சுளிக்கவில்லை. இன்டர்நெட் பார்க்கலாமா, படம் பார்க்கலாமா, மெயில் வருமா, போதும். அதாவது ஜனங்களுக்கு டச்பேட் பிடிக்காமல் இல்லை. ஐபேட் விலையில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, முதலிலேயே 99 டாலருக்கு விற்றிருக்கலாமே?

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு டச்பேடைச் செய்ய, உதிரி பாகங்களுக்கு மட்டுமே சுமார் 300 டாலர் ஆகிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் மதிப்புப் போட்டார்கள். 99-க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 200 டாலர் கைநஷ்டம். செத்த சரக்கைத் தள்ளிவிட அது சரி. தொழில் நடத்த சரிப்படாது.

நஷ்டத்தை வேறெங்காவது ஈடுகட்ட முடிந்தால்? அதைத்தான் அமேசான் செய்தது. டச்பேட் செத்த நாற்பதாவது நாள் போல, செப்டம்பர் 28-ல், ஜெஃப் பெசோஸ் 'கிண்டில் ஃபயர்' என்ற டேப்லட்டை அறிவித்தார். ஏழு அங்குலம். கேமரா கிடையாது. மைக் கிடையாது. விலை 199 டாலர். மெஷினில் லாபம் பார்ப்பது அவர் நோக்கமே இல்லை. வாங்கியவர் அதில் புத்தகம் வாங்குவார், சினிமா பார்ப்பார், செருப்பு, சீப்பு எல்லாம் ஆர்டர் செய்வார். அந்தக் கிறிஸ்துமஸ் சீசனில் அமேசானில் அதிகம் விற்ற பொருள் அதுதான் என்று கம்பெனி பெருமையோடு அறிவித்தது.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. பாதி விலை, பாதி வேலை. 1996-ல் பாம் செய்த அதே காரியம். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டில் அதை மறந்துவிட்டார்கள். ஊரான் எடுத்துக்கொண்டான்.

அமேசான் என்பதால் ஜெயித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2014-ல் அதே அமேசான் ஒரு போன் கொண்டுவந்தது. ஃபயர் போன். இந்த முறை பாதி விலை இல்லை. தனியாக வாங்கினால் 649 டாலர், ஐபோனோடு நேருக்கு நேர். என்ன ஆயிற்று? டெபாசிட் காலி. சில மாதத்தில் 170 மில்லியன் டாலரை நஷ்டத்தில் எழுதினார்கள். அதே கம்பெனி, அதே பெசோஸ். மாறியது விலைச் சீட்டு மட்டும்தான்.

விலையைக் குறைக்க முடியாதவனுக்கு வழியே இல்லையா? உண்டு. ஆனால் அதற்கு வயிறு கெட்டியாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2012-ல் 'சர்ஃபேஸ்' என்று ஐபேடுக்குப் போட்டி விட்டது. அதே 499 டாலர். அதே கதி. அடுத்த வருடம் 900 மில்லியன் டாலர் நஷ்டம் எழுதினார்கள். எச்.பி. என்றால் அன்றே கடையைச் சாத்தியிருக்கும். மைக்ரோசாஃப்ட் சாத்தவில்லை. எங்கே தப்பு என்று உட்கார்ந்து யோசித்தது. ஐபேடோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, 'இது உங்கள் லேப்டாப்புக்கு மாற்று' என்று சொல்லி, கீபோர்டோடு மூன்றாவது தலைமுறையை இறக்கியது. 2014 கடைசி மூன்று மாதத்தில் மட்டும் சர்ஃபேஸ் விற்பனை ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியது.

எனக்கு பி.காம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இது: போட்ட பணம் போனதுதான், அதை நினைத்து மேலும் பணம் போடாதே. சரியான பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைப் புத்தகத்தில் போடவில்லை. போட்டதை விட்டுவிட்டு வருவதற்கு முன்னால், எதற்காகப் போட்டோம் என்று ஒருதரம் யோசிக்க வேண்டும். 49 நாளில் மாமரம் காய்க்காது. நட்டவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதென்றால் கீரை விதைத்திருக்கலாம்.

அபோதேகர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெயிக்க இன்னும் ஓரிரு வருடம், இன்னும் பெரும் பணம் வேண்டும், ஜெயிப்போம் என்கிற நிச்சயமும் இல்லை என்பது அவர் கணக்கு. மோட்டரோலா, பிளாக்பெர்ரி கதைகளைப் பார்த்தால் அவர் பயந்தது தப்பென்று சொல்ல முடியாது. தப்பு வேறு. அந்தக் கணக்கை ஜூலை 1-ம் தேதிக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். 499 டாலர் என்று சீட்டு ஒட்டும்போதே போட்டிருக்க வேண்டும்.

*

டச்பேட் என்ன ஆயிற்று? 99 டாலருக்கு வாங்கியவர்களில் சிலர் அதில் ஆண்ட்ராய்டை ஏற்றி, பல வருடம் ஓட்டினார்கள். வெப்ஓ.எஸ். மென்பொருளை 2011 டிசம்பரில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எச்.பி. திறந்துவிட்டது. 2013-ல் கொரியாவின் எல்.ஜி. அதை வாங்கியது. அடுத்த வருடம் தன் டி.வி.க்களில் ஏற்றியது.

உங்கள் வீட்டு ஹாலில் எல்.ஜி. ஸ்மார்ட் டி.வி. இருக்கிறதா? அதன் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். வெப்ஓ.எஸ். என்று போட்டிருக்கும். ஐபோன் வைத்திருக்கிறீர்களா? திறந்த வேலைகள் சீட்டு சீட்டாக வரிசையில் நிற்கின்றன அல்லவா? வேண்டாததை விரலால் மேலே சுண்டிவிடுகிறீர்கள் அல்லவா? 2009-ல் பாம் காட்டிய அதே சுண்டல். ஆப்பிள் அந்தச் சீட்டுகளுக்கு வந்து சேர்ந்தது 2013-ல்.

மெஷின் 49 நாளில் போய்விட்டது. யோசனை இன்னும் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

நாளைக்கு நீங்களோ, உங்கள் பையனோ, ஏற்கெனவே பத்துக் கடை இருக்கிற தெருவில் பதினோராவது கடை போடப் போகிறீர்கள் என்றால், சரக்கு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கும். எதிர்க் கடையை விட்டுவிட்டு ஒருவர் உங்களிடம் ஏன் வர வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா, பாருங்கள். ஒருவருமே வராவிட்டால் எத்தனை நாள் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பீர்கள் என்பதையும் முதல் நாளே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் 49-ஆக இருந்தால், தயவுசெய்து கடையைத் திறக்காதீர்கள்.